அக்கா கொடுத்த சிறுநீரகம்

என் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியது எண்பதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை. கொடுத்தவர் கூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுடைய அக்கா. ஐப்பசி முதல் வாரம் அவளை மானாம்பதியில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

புறப்படும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கத் தரும் மாத்திரைகள் நோயை எதிர்க்கும் சக்தியையும் அடக்கிவிடும். மற்றவர்களை நான்கு நாள் படுக்கவைக்கும் ஃப்ளூ இவளைக் கொன்றுவிடலாம் என்றார். எங்கோ படித்திருந்த தடுப்பூசியைப் பற்றிக் கேட்டேன்.

“வெளிநாட்டில் இருக்கிறது. இங்கே நான் எங்கே போவேன்? இருமுகிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். உங்களுக்கு அதுதான் தடுப்பூசி.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் போய்ப் பார்க்காவிட்டால் எங்கள் பக்கம் பகையாகிவிடும். முதல் நாளே பன்னிரண்டு பேர் ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்தார்கள்; மூன்று பேருக்கு இருமல். வராதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை நிலைப்படியில் வேப்பிலை செருகினேன். அம்மை கண்ட வீடு என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. ஐப்பசி முழுவதும் ஒருவரும் வரவில்லை.

கார்த்திகை இரண்டாவது வெள்ளிக்கிழமை, மதியம், அக்கா வந்தார். வேப்பிலையைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா தம்பி, ஆத்தா ஒங்ககிட்ட தேதி கேட்டுக்கினுதான் வந்தாளா?”

சிரிப்பு இருமலில் முடிந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“அக்கா, இருமல் போனப்புறம் வாங்களேன்.”

“பஸ்ல தூசு. அதுக்குப் போயி... என் கிட்னி உள்ள கீது. அதப் பாக்க நான் வரக் கூடாதா?”

நான் வழிவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் தடுத்திருப்பேன். தன் உடம்பைப் பிளந்து கொடுத்தவரை எப்படி நிறுத்துவது? தங்கைக்குத் தலை பின்னி, சோறு பிசைந்து ஊட்டிவிட்டு மாலை பஸ்ஸுக்குப் போனார். அன்று என் மனைவி சிரித்ததைப் போல அதற்கு முன் பல மாதம் சிரித்ததில்லை.

அதுவரை எங்கள் இருவருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஃப்ளூதான், நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். அடுத்த செவ்வாய் விடியற்காலை போய்விட்டாள்.

காரியத்தன்று, கூட்டம் கலைந்த பிறகு, அக்கா கிணற்றடியில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, அன்னிக்கு நான் இருமிக்கினு இருந்தேனே. வூட்டுக்குப் போயி ரெண்டு நாளு காய்ச்சல்ல கெடந்தேன். என்னாலயா?”

“இல்லக்கா. அதுக்கு முந்தியே எனக்குத்தான் சளி. மாத்திரை வாங்க காஞ்சிபுரம் போயி நான்தான் புடிச்சிக்கினு வந்தேன்.”

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“வேப்பிலைய வெச்சி ஊரயே நிறுத்துன. ஒன்ன நிறுத்திக்கத் தெரியலியாடா பாவி?”

அவர் திட்டி முடிக்கும்வரை தலை குனிந்து நின்றேன். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடம்பு தேறியிருந்தார்.