கழனித் தண்ணிக்குப் போட்டி

வீட்டுக் கழிவிலிருந்து அடுப்பெரிக்க வாயு எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டு போகிறவனை, சீட்டுக் கம்பெனி ஆளைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்கள். வாசலோடு நிறுத்தப்பட்ட விற்பனைத் தோழர்களே, உங்களுக்கு இது புரியும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு வீட்டிலாவது வாயுத் தொட்டி வைத்து அடுப்பெரித்துக் காட்டினால்தான் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

விசாரணை

தொட்டி வைக்க ஒப்புக்கொண்டவர் சரசு அக்கா. லாரி ஓட்டும் அவர் கணவர் மாதையன் ஒப்புக்கொள்ளவில்லை. அரிசி கழுவின கழனித் தண்ணீர், காய்த்தோல், மிஞ்சின சோறு எல்லாம் போட்டால் வாயு வரும், வெளியேறும் கரைசல் செடிக்கு உரம் என்று விளக்கினேன். அவர் தொட்டியைச் சுற்றி வந்து, எங்கேயாவது சின்ன சிலிண்டரை ஒளித்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்தார். பிறகு எங்கள் வீட்டில் எதில் சமைக்கிறார்கள் என்று கேட்டார். விறகில்தான் என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்ப எங்க வூட்டுல வெச்சுப் பழகிக்கிறீங்க."

சாணி கேட்டது

தொட்டி வேலை செய்ய முதலில் சாணி கரைத்து ஊற்ற வேண்டும். மாடு இருந்தது பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவிடம். தெருவின் கழனி முழுவதும் அந்த மாட்டுக்குத்தான் போகும். தினமும் முனியம்மா அக்கா வந்து, சரசு அக்கா வாசலில் ஒரு குண்டானை வைத்துவிட்டுப் போவார். தொட்டி வந்த அன்றே சரசு அக்கா ஆர்வத்தில் கழனியை அதில் ஊற்றிவிட, குண்டான் காலியாகத் திரும்பியிருக்கிறது. அது தெரியாமல் நான் வாளியோடு போய் நின்றேன்.

"மாட்டோட கழனியப் புடுங்கித் தொட்டிக்கு ஊத்தறீங்களே, தொட்டி பால் கறக்குமா?"

முதல் வாயு

வேறு ஊரிலிருந்து பைக்கில் சாணி கொண்டுவந்தேன். சில நாளில் தொட்டியின் மேல்மூடி உயர்ந்தது. முதலில் வருவது எரியாது, திறந்து விட்டுவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். மாதையன் கேட்காமல் தெரு ஆட்களையெல்லாம் கூட்டி, அடுப்பில் தீக்குச்சி மேல் தீக்குச்சியாகக் கிழித்தார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"காத்தப் புடிச்சுக் குடுத்துட்டு, அதையும் வெளிய வுடுங்கறாரு."

சுத்தம்

வாயுவை விட்ட பிறகு மூடி எழவே இல்லை. முனியம்மா அக்கா எதையோ ஊற்றிவிட்டார் என்று எனக்குச் சந்தேகம். அவர் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். தொட்டியை முகர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. சரசு அக்காவைக் கேட்டேன். பெருமையாகவே சொன்னார்:

"சாமிக்குப் பொங்கல் வெக்கப்போற நெருப்பாச்சே தம்பி, நாறலாமா? அதான் பினாயில் ஊத்தினேன்."

சமாதானம்

வாயு உண்டாக்க சாணியில் வந்த நுண்ணுயிர் அத்தனையும் பினாயிலில் செத்திருந்தது. மேலாளர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார். தொட்டியைக் கழுவிவிட்டு, வேறு வழியில்லாமல் முனியம்மா அக்காவிடமே போனேன். கழனி மாட்டுக்கே போகட்டும், மாடு தின்னாததும் ஊசிப்போன சோறும் தொட்டிக்குப் போதும், வெளிவரும் கரைசல் உங்கள் தீவனப்புல்லுக்கு என்றேன். நம்பவில்லை, ஆனாலும் சாணி கொடுத்தார், தினமும் வந்து மூடியைத் தட்டிப் பார்த்தார். கெடுவுக்கு முன்பே அடுப்பு நீலமாக எரிந்தது. சரசு அக்கா டீ போட்டார். யாரும் டம்ளரைத் தொடவில்லை. முனியம்மா அக்கா ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"மொதல்ல நீங்க குடிங்க தம்பி. ஒண்ணும் ஆவலன்னா நாங்க குடிக்கிறோம்."

வேலை நிரந்தரமாகிவிட்டது, இப்போதும் எந்த வீட்டில் புது அடுப்பு எரிந்தாலும் முதல் டம்ளர் எனக்குத்தான் வருகிறது, மரியாதைக்காக அல்ல.