மஞ்சள் பூசிய வேர்கள்

அடுத்த வீட்டு டீச்சரும் அவர் கணவரும் தான்சானியாவில் பள்ளிக்கூட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஒரு ஆர்க்கிட் செடியைக் கொண்டுவந்திருந்தார்கள். செடி என்று சொல்ல மனசு வராது. ஒரு சாண் கட்டையைக் கட்டிப்பிடித்தபடி சாம்பல் நிற வேர்கள், அவ்வளவுதான். இலையே கிடையாது.

மகளின் பிரசவத்துக்காக நாகர்கோவில் புறப்பட்டபோது டீச்சர் அதை என்னிடம் கொடுத்தார்.

"இதுக்கு வேர்தான்மா இலை. காலையில தண்ணி தெளிச்சா பச்சையாகும். பச்சையானா உசுரோட இருக்குன்னு அர்த்தம். பொழுது சாயுறதுக்குள்ள காஞ்சிரணும், இல்லன்னா அழுகிரும்."

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததை என்னை நம்பிக் கொடுக்கிறாரே என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வேறு செடி என்றால் இலை வாடிக் காட்டிக்கொடுக்கும். இதில் எதைப் பார்ப்பது? காலையில் தெளித்துவிட்டு, பச்சை ஏறும்வரை அங்கேயே நிற்பேன். அடுப்பில் பால் பொங்கினாலும் நகரமாட்டேன்.

மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், கட்டை எங்கள் வாசல் நிலைக்கு மேலே தொங்குகிறது. வேர் முழுக்க மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமமும் வைத்திருந்தது. மாமியார் வேலை.

மண்ணும் தண்ணீரும் இல்லாமல் தொங்கியபடியே துளிர்க்கும் ஆகாச கருடன் கிழங்கு எங்கள் தெருவில் பல வாசல்களில் உண்டு. கண்ணேறு கழிக்கும். வாடினால் மட்டும் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

"காத்தைக் குடிச்சே கெடக்குன்னா இதும் அந்த வகைதானத்தா? மூலையில போட்டு வச்சிருக்க."

"அது டீச்சர் செடி அத்தை."

"அவுக வந்தா கேக்கட்டும்."

தண்ணீர் தெளித்தேன். மஞ்சள்தான் நனைந்தது, பச்சை தெரியவில்லை. தோல் உரிந்துவிடுமோ என்று ஈரத்துணியால் ஒவ்வொரு வேராக ஒற்றி எடுத்தேன். சில வேர்கள் பச்சையாயின, சில பழுப்பேறி நின்றன. சில வேர் செத்துப்போச்சு என்று சொன்னதும் அத்தையின் முகம் மாறிவிட்டது. மறுநாள் விடியும்போதே சொம்போடு நின்றார்.

"எம்புட்டு ஊத்தணும்?"

"ஊத்தக் கூடாது அத்தை. தெளிக்கணும்."

டீச்சர் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தபோது தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். விரலை நனைத்து ஒரு வேரைத் தடவினார். பச்சை.

"நுனி வளந்திருக்கே. இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

அவிழ்க்கக் கை நீட்டியவரை அத்தை மறித்தார். "வாசல்ல கட்டுனத உசுரோட எறக்கக் கூடாது டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். "சரி, இங்கயே இருக்கட்டும். நல்லாத்தான பாத்துக்கிறீங்க."

திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தேன். விடிந்ததும் வாசலுக்குப் போனால், அத்தை எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார்.

"பழுப்பு கூடியிருக்கான்னு பாருத்தா. எனக்குக் கண்ணு தெரியல."