இன்னும் பத்து நிமிடம்

கதை கட்டத் தெரிந்தவளாக இருந்தால் இதை இன்னும் அழகாகக் கட்டியிருப்பேன். எனக்கு அது வராது. போன அக்டோபர் 26ஆம் தேதி, கொரியாவின் கங்வான் மாகாணத்து மலையில், பட்டப்பகலில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் கணவர் தேஷிக்குக்கு ஆகஸ்டில்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூச்சு வாங்கினால் உடனே திரும்பிவிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவரோ மேப்பிள் இலை சிவந்திருப்பதைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாற்பது நிமிட நடைதான் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தானாம். நான் பன்னிரண்டு வருடம் முன்பு ஆபீஸ் கூட்டத்தோடு அங்கே போனவள். சிரித்துக்கொண்டே இறங்கியது நினைவிருக்கிறது, தூரம் நினைவில்லை.

1:20க்கு ஏற ஆரம்பித்தோம். மிளகாய் காயப்போட்டதுபோல் மலையெல்லாம் சிவப்பு. நான் எங்கே அதைப் பார்த்தேன்? இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2:05. மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மஞ்சள் தொப்பி. கையில், தாகத்துக்கு நாங்கள் கொரியர்கள் எல்லாரும் மலைக்கு எடுத்துப்போகும் வெள்ளரிக்காய், கையால் ஒடித்த பாதி.

"உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று இவர் கேட்டார்.

"வந்தாச்சு. இன்னும் பத்து நிமிஷம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களிடம் சொல்லும் அதே பொய். உற்சாகப்படுத்துகிறார்களாம்! எங்கள் கொரியாவில் இதைச் சொல்லாத ஆளே கிடையாது. நானும் சொன்னவள்தான்.

"கேட்டியா மிரான், பத்தே நிமிஷம்" என்று இவர் நடையைக் கட்டினார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. கேட்டது இவர். அந்த ஆள் பார்த்தது என்னை...

2:40. நாங்கள் மிதித்தால் சருகு சரக் சரக் என்றது. எதிரே வந்தவர் மிதித்தால் சத்தமே இல்லை. நிமிர்ந்தேன். அதே மஞ்சள் தொப்பி. மறுபடியும் மேலிருந்து இறங்கி வருகிறார்.

ஒரே பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அவர் எங்களைத் தாண்டி மேலே போகவே இல்லை.

"இன்னும் பத்து நிமிஷம்" என்று, கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். கையில் அதே வெள்ளரிக்காய். ஒரு கடிகூடக் குறையவில்லை.

"ஏங்க, அதே ஆளுங்க! திரும்பிடலாம். உங்க உதடு நீலமாயிருக்கு."

"மஞ்சத் தொப்பி உலகத்துல ஒண்ணுதானா? இவ்வளவு தூரம் வந்துட்டு... பத்து நிமிஷம்தானேம்மா."

"உங்க பத்து நிமிஷத்துல இடி விழ!"

காதில் வாங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

3:15. இவர் ஒரு பாறையில் உட்கார்ந்தார். கை நெஞ்சில். சுற்றிலும் பறவைச் சத்தம் நின்றிருந்தது.

நிமிர்ந்தேன்...

அவர் எதிரில் நின்றார். இந்த முறை இறங்கவில்லை. வழியை மறித்து நின்றார்.

வெள்ளரிக்காயை என்னிடம் நீட்டினார். ஒடித்த இடத்தில் ஈரம்.

அவர் உதடும் நீலம்.

"இன்னும்... பத்து... நிமிஷம்..."

இவரைத் தோள்பட்டையோடு பிடித்துக் கீழே இழுத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

4:30. அடிவாரக் கடை. சூடான சூப் உள்ளே போனதும் இவர் முகத்தில் ரத்தம் வந்தது. போன உயிர் எனக்கும் திரும்பியது. மஞ்சள் தொப்பிக்காரரைத் திட்டித் தீர்த்தேன். கடைக்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கையில பாதி வெள்ளரிக்காயாக்கா?"

"ஆமா. தெரியுமா அவரை?"

"பன்னெண்டு வருஷம் முன்னாடி மாரடைப்புல போனவருக்கா. எறக்கிக் கொண்டாந்து இந்த வாசல்லதான் படுக்க வெச்சாங்க. மூச்சு முட்டுது, திரும்பிடறேன்னு பொண்டாட்டிக்கு போன் பண்ணியிருக்காரு. கொஞ்ச நேரத்துல மறுபடி பண்ணி, 'எறங்கி வந்த ஒரு அம்மா பத்து நிமிஷம்தான்னு சொன்னாங்க, வெள்ளரிக்காய்கூட குடுத்தாங்க, பார்த்துட்டே வந்துடறேன்'னாராம். அங்கேருந்து உச்சிக்கு ஒன்றரை மணி நேரம்க்கா!"

நான் மலைக்குக் கத்தி எடுத்துப்போவதில்லை. வெள்ளரிக்காயைக் கையால்தான் ஒடிப்பேன்.

அன்று ஆபீஸ் கூட்டத்தோடு இறங்கும்போது, பாறையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்ததை ஒடித்துப் பாதியை நீட்டினேன். நிமிர்ந்து வாங்கிக்கொண்டு, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். மஞ்சள் தொப்பி.

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"வந்தாச்சுங்க. இன்னும் பத்து நிமிஷம்."