ரத்தத்தில் இல்லாத மாத்திரை

என் மகளுக்கு ஒன்பது வயதில் முதல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பில் உட்காருவதில்லை, கணக்கைப் பாதியில் விட்டு எழுந்துபோய்விடுகிறாள் என்று ஆசிரியை சொன்னதால் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு அழைத்துப் போயிருந்தோம். கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் என்றார் மருத்துவர். இரண்டு வருடம் ஓரளவு நன்றாகவே போயிற்று.

பதினொன்றாம் வயதில் வேறொன்று வந்தது. ஒரு வாரம் சரியாகத் தூங்காமல், களைப்பும் இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தாள். பள்ளியில் பிரார்த்தனை நேரத்தில் மேடையேறி, இனி தானே தலைமையாசிரியை என்று அறிவித்தாள். அதன்பின் மூன்று வாரம் படுக்கையைவிட்டு எழவில்லை. இருமுனைக் கோளாறு என்ற சொல்லை அப்போதுதான் கேட்டேன். மருத்துவர் பழைய மாத்திரையை நிறுத்தி லித்தியம் கொடுத்தார். மனநிலை சமனான பிறகு கவனத்துக்கான மருந்தைப் பார்க்கலாம் என்றார். ரத்தத்தில் மருந்தின் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டியிருந்தது.

என் மனைவி ஷூ கம்பெனிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவாள். எனக்குத் தோல் தொழிற்சாலையில் அலுவலக வேலை, ஒன்பதரைக்குப் போனால் போதும். அதனால் மாத்திரை கொடுப்பது என் பொறுப்பானது.

சில மாதங்கள் கழித்து எடுத்த பரிசோதனையில் மருந்தின் அளவு மிகக் குறைவாக இருந்தது.

"டெய்லி குடுக்கிறீங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

"என் கையாலதான் குடுக்கிறேன், டாக்டர்."

"முழுங்குறதப் பாக்குறீங்களா?"

நான் யோசிப்பதற்குள் மகள் சொன்னாள். "நான்தான் துப்பிடுறேன். ரெண்டு வாரமா, பாதி நாள்."

"ஏம்மா?" என்றார் மருத்துவர்.

"கை நடுங்குது. ஸ்கேல் வெச்சாக்கூடக் கோடு நேரா வரல. கிளாஸ்ல சிரிக்கிறாங்க."

"இன்னாம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னேன்பா. பழகிடும்னு சொல்லிட்ட."

சொல்லியிருந்தேன். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னது. அந்த இரண்டு வாரத்தில் அவள் கலகலப்பாக இருந்ததையும் கொஞ்சம் குறைவாகத் தூங்கியதையும் கண்டு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

மருத்துவர் யாரையும் கண்டிக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து அவளை நத்தைக்கூடு மாதிரிச் சுழித்து வரையச் சொன்னார். கோடு பல்பல்லாக வந்தது. அதைப் பார்த்து, மெதுவாகக் கரையும் மாத்திரையாக மாற்றி, அளவையும் கொஞ்சம் குறைத்து எழுதினார். "மறுபடி கஷ்டமா இருந்தா துப்பாத. எனக்குச் சொல்லு," என்று அவளிடம் சொன்னார். அப்பாவிடம் சொல் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு உறைத்தது.

நடுக்கம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கவனத்துக்கான மருந்தைப் போன வருடம் சிறிய அளவில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். மோசமான வாரங்களும் வருகின்றன. வேலூர் போனால் முதல் பத்து நிமிடம் அவள் மட்டும் உள்ளே போய்ப் பேசுகிறாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.