படிக்கட்டு தனி

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சொன்ன ஆள் வீடு தூக்கிப் பார்த்ததில்லை. ஜாக்கி வைத்து வீடு தூக்கும் மேஸ்திரியைக் கேட்டால், சாணுக்கு ஒரு ரேட்டு, முழத்துக்கு ஒரு ரேட்டு சொல்லுவார்.

தெருவே தையலக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண், அங்கே குடிவந்த பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு தையல் மெஷினைத் தண்ணீருக்குக் கொடுத்திருந்தாள். முதல் மெஷின் போனபோது அழுதாள். இரண்டாவது போனபோது அழவில்லை, கணவனைத் திட்டினாள். அவர் பஸ் டிரைவர். இரண்டு வெள்ளத்திலும் டூட்டியில் இருந்ததுதான் அவர் செய்த குற்றம். மூன்றாவதாக மோட்டார் வைத்த பெரிய மெஷின் வாங்கிய அன்றே சொல்லிவிட்டாள்.

"இதுவும் நனைஞ்சா நான் இனிமே ஊசியைத் தொட மாட்டேன். வீட்டைத் தூக்குங்க."

தூக்கினார்கள். அவள் நகை போனது, பேங்கில் கடனும் ஏறியது. சுவருக்கடியில் நூற்றுச்சொச்சம் ஜாக்கியைச் செருகி, மேஸ்திரி விசில் ஊதும்போதெல்லாம் ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரு திருகு திருகினார்கள். இருபத்தைந்து நாளில் நாலடி உயர்ந்தது வீடு. சுவரில் மயிரிழை விரிசல்கூட இல்லை. கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

வேலை முடிந்து அவர் கிளம்பும்போதுதான் அக்கா வாசலில் நின்று கீழே பார்த்தாள்.

"மேஸ்திரி, நான் எப்படி இறங்குறது?"

"படிக்கட்டு தனிம்மா. தூக்குறதுக்கு மட்டும்தானே பேசினோம்."

சிமெண்ட், கம்பி, கக்கூஸ் குழாய் வரைக்கும் தாளில் எழுதிவைத்துப் பேரம் பேசிய புருஷனும் பெண்டாட்டியும் படியை எழுத மறந்திருந்தார்கள். யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குக் காசில்லை. இரண்டு மாதம் இரும்பு ஏணியில் ஏறி இறங்கினார்கள். பிறகு கையில் இருந்ததைக் கொண்டு, ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவே இருந்த மூன்றடி இடத்தில் ஆறு படி கட்டினார்கள். அரைப் பாதம்தான் வைக்கலாம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது.

தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் யார்? முட்டிவலிக்காரர்கள், இடுப்பில் பிள்ளையோடு வருகிறவர்கள். ஒருத்தி இரண்டாம் படியிலேயே நின்றுகொண்டு, "அக்கா, இங்கயே அளவெடுத்துக்கோயேன்" என்றாள். அக்காவும் சிரித்துக்கொண்டே எடுத்தாள். அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதம் யாருமே வரவில்லை. நாலைந்து மாதம் மெஷின் சும்மா கிடந்தது. எதிர்வீட்டில் முன்னறை வாடகைக்கு விடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது அப்போதுதான். தூக்கக் காசில்லாமல் ரோட்டு மட்டத்திலேயே இருந்த வீடு அது.

"தண்ணிக்குப் பயந்து மேல ஏறினோம். இப்ப மெஷினை மட்டும் கீழ இறக்கணுங்கிறியே, உனக்கென்ன கிறுக்கா?" என்றார் டிரைவர்.

"மேல வெச்சு அழகு பாக்கவா? கடனை யாரு கட்டுறது, உங்க பஸ்ஸா?"

நாலு ஆள் சேர்ந்து மெஷினை எதிர்வீட்டு முன்னறையில் இறக்கினார்கள். ஒரே வாரத்தில் கூட்டம் திரும்பிவிட்டது. அக்கா வாடகை கொடுத்தாள், கடன் கட்டினாள், எட்டு மாதம் நிம்மதியாகத் தைத்தாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு மத்தியானம், சாக்கடை வழியாகத் தண்ணீர் ஏறி வந்தது. டிரைவர் டூட்டியில். அக்கா முதலில் அள்ளியது ஊரார் துணியை. அடுத்தவர் துணி நனைந்தால் தொழில் போயிற்று என்பது அவள் எண்ணம். மூட்டையைத் தலையில் வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்து, அந்த ஆறு படியில் ஏறி இறங்கினாள். ஒழுங்கான படியாக இருந்திருந்தால் மூன்று நடைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்றாம் நடை முடித்துத் திரும்பியபோது, மேசைக்கடியில் தொங்கும் மோட்டார் மூழ்கியிருந்தது. ஒற்றை ஆளாக மெஷினை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தபின் விட்டுவிட்டாள்.

எதிர்வீட்டுக் குடும்பம் மொத்தமும் அவள் வீட்டுக்குத்தான் ஏறி வந்தது. எல்லோருக்கும் துண்டு கொடுத்து, டீ போட்டுக் கொடுத்தாள். எதிர்வீட்டம்மா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, காய்ந்த தரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"நல்லவேளை நீங்க தூக்கினீங்க அக்கா. செலவு பண்ணினாலும் பாருங்க, ஒரு பொருள் நனையல."

"ஆமாம்மா" என்றாள் தையலக்கா. "கட்டில் நனையல, பீரோ நனையல. எதுக்காகத் தூக்கினோமோ அது மட்டும் உங்க வீட்டுல மூழ்கிக் கிடக்கு. டீயைக் குடி, ஆறுது."