கணுக்காலுக்கு மேல் போட்ட கோடு

என் வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டிவரும் என்று கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயது. ஐம்பதுகளின் கடைசி. தவக்காலம். பந்து உதைப்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

நான் பெருமாள்மலைக்காரன். வெறுங்காலில் ஆடி வளர்ந்தவன். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கம்பெனி தன் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தது. போனேன். மூன்று வருஷம் வலது ஓரத்தில் ஓடினேன். அங்கே பூட்ஸ் இல்லாமல் மைதானத்தில் இறங்க முடியாது. அதன் அடியில் தோல் கட்டைகளை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். கட்டை தேய்ந்தால் ஆணி உள்ளே ஏறும். எனக்கு விரலடியில் குத்தியது.

முள்ளில் நடந்து காய்த்த காலை ஓர் ஆணி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றி, காலை பூட்ஸுக்குள் திணித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெளியே உட்கார வைப்பார்கள். என் இடத்துக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். ஒரு மாதம் அப்படியே ஓடினேன். மேல்தோல் மூடிக்கொண்டது. உள்ளே அழுகியது.

நொண்ட ஆரம்பித்ததும் அணியின் மானேஜர், யாழ்ப்பாணத்துக்காரர், கூப்பிட்டார்.

"ஊருக்குப் போய்க் காலைப் பாரும். சுகமானாப் பிறகு எழுதும்."

நான் கப்பல் ஏறுமுன்பே என் ஜெர்சியை வேறொருவன் போட்டுக்கொண்டான்.

மலைக்கு வந்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. என் மனைவி லூர்து பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எப்படி ஆச்சு என்று டாக்டரம்மா கேட்டார்.

"தோட்டத்துல முள்ளு குத்திருச்சுங்க. நாலு நாளாச்சு."

பொய். பூட்ஸ் ஆணி, ஒரு மாதம் என்று அவர் சர்டிபிகேட்டில் எழுதிவிட்டால், மறைத்து ஆடியது தெரிந்து கொழும்பு என்னைத் திரும்பக் கூப்பிடாது என்று பயந்தேன்.

பாதம் முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. ஊசி போட்டார்கள். கணுக்காலுக்கு மேலே நீல மையால் ஒரு கோடு போட்டார் டாக்டரம்மா. "சிவப்பு இதைத் தாண்டினா காலை எடுத்துடணும்" என்றார்.

சிவப்பு தினமும் ஏறியது. நான் ஜெபித்தேன். ஜெபமா அது? "ஒரு ஞாயிறு பூசை தவறினேனா? எனக்கு ஏன் இது? காலைக் கொடும்" என்று சண்டை போட்டேன். பக்கத்துக் கட்டிலில் கை ஒடிந்து கிடந்த பள்ளங்கி ஊர்ப் பூண்டு விவசாயி கருப்பையா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏலே கொழும்பு, சாமியக் கும்புடுறியா, ஏசுறியா?"

"ரெண்டுந்தாண்ணே."

"எது வெரசாப் போய்ச் சேருதுன்னு பாப்போம்."

ஐந்தாம் நாள் காலையில் சிவப்புக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான் இருந்தது. லூர்து அதையே பார்த்தாள்.

"என்னங்க, நீங்க தோட்டத்துல கால் வச்சு எத்தனை வருஷமாச்சு? ஆருகிட்ட முள்ளுக் கதை சொல்றீங்க?"

எனக்கு ஆண்டவரோடு சண்டை போடவும் தெம்பில்லை. கண்ணை மூடினேன். "ஆண்டவரே, பந்து வேண்டாம். நடந்தால் போதும்" என்றேன். அவ்வளவுதான். ஐந்து நாள் உண்மைக்குத் திறக்காத வாய் அப்போது திறந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாவற்றையும் கக்கினேன்.

"முட்டாள்! வந்தன்னிக்கே சொல்லக் கூடாதா?" என்று திட்டிவிட்டு, உள்ளங்காலின் காய்ப்பைக் கீறினார். சீழோடு உடைந்த ஆணி முனை வந்து விழுந்தது.

சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது.

மருந்துதான் குணமாக்கியது என்பீர்கள். அந்த மருந்து ஐந்து நாளும் என் உடம்பில் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆணியைக் காட்டிக்கொடுத்தது என் வாய். அதைத் திறந்தவர் ஆண்டவர்.

ஆட்டம் போனதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அதையும் அவரிடம் மறைப்பதில்லை. இப்போது மூட்டை தூக்குகிறேன். சாயங்காலம் மேடு ஏறி வீடு சேர்வதற்குள் அலுத்துப்போகிறேன். இரண்டு காலும் வலிக்கும். இரண்டும் வலிக்கிறதே என்று நன்றி சொல்கிறேன்.

நீங்களும் அழகான ஜெபத்தைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். சொன்ன கையோடு டாக்டரிடமும் சொல்லுங்கள்.