நன்றாக இருக்கிறது என்று எழுதியவன்

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இணையப் பக்கம் செய்யப் படித்தேன். பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் தச்சநல்லூர் வீட்டில் இருந்த காலம் அது. வகுப்பில் எட்டுப் பேர். பயிற்சி முடியும் சமயத்தில் ஆளுக்கொரு பக்கம் எச்டிஎம்எல்லில் எழுத வேண்டும்; நிறத்தையும் எழுத்தின் அளவையும் சிஎஸ்எஸ்ஸில் அமைக்க வேண்டும். பிறகு இருவர் இருவராக ஃபிளாப்பியை மாற்றிக்கொண்டு, அடுத்தவர் பக்கத்தில் உள்ள குறைகளை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

எனக்கு வாய்த்த ஜோடி, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் ஓர் அக்கா. முப்பது வயதிருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. மதிய இடைவேளையில் சாப்பாட்டுத் தூக்கோடு வகுப்புக்கு வந்துவிடுவார்.

நான் பஸ் நேரங்களை வைத்துப் பக்கம் செய்திருந்தேன். கருநீலப் பின்னணி, சிவப்பு எழுத்து, மேலே வலமிருந்து இடமாக ஓடும் வரவேற்பு வாசகம். ஓடுகிற எழுத்தில் எனக்குப் பெருமை அதிகம். அக்கா மூக்குத்தியைத் தடவியபடி வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, சேரன்மகாதேவி பஸ்ஸு எங்கன இருக்கு?"

"கீழ இருக்குக்கா."

"நேர வரிசையும் இல்ல, ஊர் வரிசையும் இல்ல. நீலத்துல செவப்பு, கண்ணு வலிக்கு."

"அது டிசைன்க்கா."

"டிசைனா? பஸ்ஸு புறப்படுத நேரத்துல ஒருத்தன் இதுக்குள்ள தேடிக்கிட்டா நிப்பான்?"

தாளில் பதினோரு குறைகள் எழுதிக் கொடுத்தார். வாங்கும்போது எனக்குக் காது சூடானது. நன்றி என்றுகூடச் சொல்லவில்லை.

அவருடைய பக்கம் வாழைப்பழ வகைகள் பற்றியது. ரஸ்தாளி, கோழிக்கூடு, செவ்வாழை என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். ஆனால் என் கம்ப்யூட்டரில் ஒரு படமும் வரவில்லை. படம் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் வெற்றுக் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும்தான். தன்னுடைய கம்ப்யூட்டரில் படம் இருக்கும் இடத்தையே முகவரியாக எழுதியிருந்தார். ஃபிளாப்பி வேறு கம்ப்யூட்டருக்குப் போனால் அந்த முகவரி செல்லாது. எனக்கு அது உடனே புரிந்தது. பதினோரு குறை சொன்னவரிடம் பதிலுக்குக் குறை சொன்னால் பழிவாங்குவதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. 'நன்றாக இருக்கிறது' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஆசிரியர் எல்லாருடைய பக்கங்களையும் தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். அக்காவின் பக்கம் வந்தது. வரிசையாகச் சிவப்புக் குறிகள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் மறித்துக்கொண்டார்.

"நேத்து ஒன் கம்ப்யூட்டர்ல படம் வந்துச்சா?"

"வரலக்கா."

"பொறவு ஏன் நல்லா இருக்குன்னு எழுதுன?"

"உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு…"

"மொகத்துக்கு நேரா சொன்னா அழுதுருவேன்னு நெனச்சியா? இன்னைக்கு எட்டுப் பேர் பாக்க நின்னனே, அது வருத்தம் இல்லியா? நான் ஒம்பக்கத்த மூணு தடவ படிச்சுப் பாத்துல்லா எழுதுனேன்."

மன்னிச்சிருங்கக்கா என்றேன். அவர் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று மாலை அவருடைய தாளை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். எட்டாவது குறையாக, 'ஓடும் எழுத்தில் நடுவில் ஒரு வார்த்தை பிழை. அது திரும்பி வரும்வரை காத்திருந்து பார்த்தேன்' என்று இருந்தது. அந்த வாசகத்தை எடுத்துவிட்டேன். பஸ்களை நேர வரிசையில் அடுக்கி, வெள்ளையில் கறுப்பு எழுத்தாக மாற்றினேன்.

அடுத்த வாரம், நானே அவரிடம் ஃபிளாப்பியைக் கேட்டு வாங்கினேன். முகவரிகளைத் திருத்தியிருந்தார்; படங்களெல்லாம் வந்தன. இந்த முறை ஏழு குறைகளை எழுதினேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்து, நான்கை ஏற்றுக்கொண்டார். மற்ற மூன்றுக்கு அன்றைய மதிய இடைவேளை முழுக்க என்னோடு சண்டை போட்டார்.